கடை வெப்சைட்டில் பிளாக் சேர்ப்பது எப்படி: இருப்பதைக் கலைக்காமல் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சிறு தொழில் நடத்துபவர்களின் வெப்சைட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முகப்பு, எங்களைப் பற்றி, பொருட்கள், கேலரி, தொடர்புக்கு என்று ஐந்து பக்கம். கட்டிக் கொடுத்தவர் பணம் வாங்கிக்கொண்டு போன நாளில் எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கும். அதில் தப்பில்லை. முகவரியும் போன் நம்பரும் சரியாக இருந்தால் அந்த ஐந்து பக்கம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் வாடிக்கையாளர் போன் போட்டுக் கேட்கும் கேள்வி எதற்கும் அதில் பதில் இருக்காது.

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்று, சர்வீஸும் செய்யும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். வெளியூரிலிருந்தும் தேடி வாங்குவார்கள். கடைக்கு நாள் முழுக்க வரும் கேள்விகள் இப்படித்தான் இருக்கும்: "புதுக் கிரைண்டர்ல முதல்ல என்ன அரைக்கணும்?", "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு எத்தனை லிட்டர் போதும்?", "பெல்ட் கத்துது, மாத்தணுமா?", "மாவு சூடாகுது, மோட்டார் கோளாறா?" கடைக்காரர் இதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்தப் பதில்களை எழுதி வைக்கும் இடம்தான் பிளாக், அதாவது வலைப்பதிவு. இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கடையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தையல் கடை, நர்சரி, கேட்டரிங் என்று உங்கள் தொழில் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாக் சேர்க்க வேண்டும் என்றதும் "சைட்டையே புதுசா பண்ணிடலாம் சார்" என்று சொல்பவர்கள் வருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து பக்கத்தைத் தொடாமலே பக்கத்தில் பிளாக்கை வைக்கலாம். புது சைட் என்று ஆரம்பித்தால் டிசைன், லோகோ, பேனர் என்று மாதக்கணக்கில் இழுக்கும். எழுத வேண்டியது எழுதப்படாமலே போகும்.

## முதலில், சாவி யார் கையில் இருக்கிறது?

தொழில்நுட்ப வேலைக்கு முன் செய்ய வேண்டியது இது. மூன்று லாகின் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்று, டொமைன் பெயர் வாங்கிய இடத்தின் லாகின். இரண்டு, ஃபைல்கள் கிடக்கும் ஹோஸ்டிங்கின் லாகின். மூன்று, வேர்ட்பிரஸ், விக்ஸ் போன்ற சைட் கட்டும் மென்பொருள் ஏதாவது ஒன்றில் சைட் ஓடினால் அதற்கான லாகின்.

நம் ஊரில் பல கடைகளில் இந்த மூன்றும் சைட் கட்டிக் கொடுத்தவரிடமே இருக்கும். டொமைன்கூட அவருடைய மெயில் ஐடியில்தான் பதிவாகியிருக்கும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் வேறு ஊருக்குப் போய்விட்டால் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் உங்களுக்கு வராது. அதனால் பிளாக் வேலையைச் சாக்காக வைத்து இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். டொமைன் கணக்கு உங்கள் மெயிலுக்கு, உங்கள் போன் நம்பருக்கு மாற வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம், அது உங்கள் சொத்து.

அடுத்து, சைட் எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் சைட்டைத் திறந்து, ரைட் கிளிக் செய்து, 'வியூ பேஜ் சோர்ஸ்' கொடுங்கள். உள்ளே 'டபிள்யூபி-கன்டென்ட்' என்ற சொல் பல இடங்களில் வந்தால் அது வேர்ட்பிரஸ். விக்ஸ், ஷாப்பிஃபை என்றால் அந்தப் பெயரே அங்கங்கே தென்படும். இவை எதுவும் இல்லாமல், பக்கங்களின் முகவரி 'டாட் எச்டிஎம்எல்' என்று முடிந்தால் அநேகமாகக் கையால் எழுதிய சாதாரண சைட். சின்னக் கடைகளில் இந்த வகை நிறைய. கீழே இதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## பிளாக் எந்த முகவரியில் இருக்க வேண்டும்?

பிளாக்கின் முகவரி மூன்று விதமாக அமையலாம். 'கடைபெயர்.காம்/பிளாக்' என்று சைட்டுக்குள் ஒரு ஃபோல்டராக வைக்கலாம். 'பிளாக்.கடைபெயர்.காம்' என்று சப்டொமைனாக வைக்கலாம். அல்லது வேறு ஒருவரின் இடத்தில் இலவசமாகத் தொடங்கலாம். இங்கே படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும்.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்குங்கள். இலவச முகவரியில் நீங்கள் வாடகைக்குக்கூட இல்லை, ஓசியில் இருக்கிறீர்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் ஒரே கிளிக்கில் இலவச வெப்சைட் செய்துகொள்ளும் வசதி இருந்தது. நம் ஊர்க் கடைகள் பலவும் அதைப் பயன்படுத்தின. 2024 மார்ச்சில் கூகுள் அந்த சைட்டுகளை மொத்தமாக மூடியது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கும் இதே கதிதான். அங்கே பகிருங்கள், ஆனால் மூலப் பிரதி உங்கள் டொமைனில் இருக்கட்டும்.

மீதி இரண்டில் நான் ஃபோல்டர் பக்கம். கூகுளைப் பொறுத்தவரை இரண்டுமே ஏற்புடையவை என்று கூகுளின் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சின்னக் கடைக்கு ஃபோல்டர்தான் சுலபம். ஒரே டொமைன், ஒரே ஹோஸ்டிங், சைட்டைப் பாதுகாப்பாகத் திறக்க வைக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழும் ஒன்றே. பிளாக் படிக்க வந்தவர் அப்படியே பொருட்கள் பக்கத்துக்குப் போவார்; முகவரியில் கடையின் பெயர் மாறாமல் நிற்கும்.

சப்டொமைன் எப்போது தேவைப்படும்? வேர்ட்பிரஸுக்குத் தேவையான பிஎச்பி என்ற புரோகிராம் மொழி இருக்கும் ஹோஸ்டிங்கில் ஓடாது என்றால், அல்லது கூகுளின் பிளாகர் போன்ற சேவையை இணைக்கப் போகிறீர்கள் என்றால். பிளாகரை ஃபோல்டராக வைக்க முடியாது, சப்டொமைனாக இணைக்கலாம். அதற்கு, டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் டிஎன்எஸ் பகுதியில், சப்டொமைனைப் பிளாகருக்குத் திருப்பிவிடும் சிநேம் என்ற வரியைச் சேர்ப்பார்கள். சொந்த டொமைன் என்பதற்கு அத்தாட்சியாகப் பிளாகர் இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்லும். இங்கேதான் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. யாராவது "நேம்சர்வரை மாத்துங்க" என்றால் உடனே மாற்றிவிடாதீர்கள். இந்த டிஎன்எஸ் வரிகள் எல்லாம் இருக்கும் இடம்தான் நேம்சர்வர். கடையின் மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் வரிகளும் பழைய நேம்சர்வரில்தான் இருக்கும். அவற்றைப் புது இடத்தில் மறுபடி எழுதாமல் மாற்றினால் மெயில் நின்றுபோகும். ஆர்டர் மெயில் வரவில்லை என்பதே சில நாள் கழித்துத்தான் தெரியும். பிளாக்குக்கு வேண்டியது ஒன்றிரண்டு புது வரிகள்தான். மற்ற வரிகள் எதையும் தொடக் கூடாது.

## சைட் ஏற்கெனவே வேர்ட்பிரஸ், விக்ஸ், ஷாப்பிஃபையில் இருந்தால்

இவர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஷாப்பிஃபையில் பிளாக் வசதி உள்ளேயே இருக்கிறது; மெனுவில் சேர்த்தால் போதும். விக்ஸில் 'விக்ஸ் பிளாக்' என்ற ஆப்பைச் சேர்க்க வேண்டும். கூகுள் சைட்ஸில் மட்டும் பிளாக் வசதி கிடையாது.

வேர்ட்பிரஸ் 2003இல் பிளாக் மென்பொருளாகத்தான் பிறந்தது. உங்கள் சைட்டில் அது பூட்டிய அறையில் கிடக்கிறது, அவ்வளவுதான். 'பிளாக்' என்ற பெயரில் வெறும் பக்கம் ஒன்று உருவாக்குங்கள். அதில் எதுவும் எழுத வேண்டாம், எழுதினாலும் பெரும்பாலான தீம்களில் (சைட்டின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வடிவங்களில்) தெரியாது. பிறகு செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதிக்குப் போய், முகப்புக்குப் பழைய முகப்புப் பக்கத்தையே வைத்துவிட்டு, 'போஸ்ட்ஸ் பேஜ்' என்ற இடத்தில் இந்தப் புதுப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் சேருங்கள். முடிந்தது. அடுத்த பகுதியைத் தாண்டி 'முதல் பதிவுக்கு முன்' என்பதற்குப் போய்விடலாம்.

## சாதாரண எச்டிஎம்எல் சைட்டில் பிளாக்கை நிறுவுவது

நம் கிரைண்டர் கடையின் சைட் இந்த வகை என்று வைத்துக்கொள்வோம். ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகத் திரை இருக்கிறது.

முதல் வேலை பேக்கப். சிபேனலில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்ற ஃபோல்டரை அப்படியே கம்ப்ரஸ் செய்து, வரும் ஜிப் ஃபைலைக் கம்ப்யூட்டருக்கு டவுன்லோடு செய்யுங்கள். சர்வரிலேயே விட்டுவைத்தால் அது பேக்கப் ஆகாது. பென்டிரைவில் ஒரு பிரதி போட்டுக் கடை பீரோவில் வைத்தாலும் நல்லதுதான்.

அடுத்து பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். பழைய ஹோஸ்டிங் கணக்குகளில் 5 வரிசைப் பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்; இன்றைய வேர்ட்பிரஸுக்கு அது போதாது. சிபேனலில் 8 வரிசைக்கு மாற்றலாம். ஆனால் உங்கள் சைட்டின் தொடர்புப் படிவம் பழைய பிஎச்பியில் எழுதப்பட்டிருந்தால் மாற்றியதும் நின்றுவிட வாய்ப்புண்டு. மாற்றிய கையோடு அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

சரி, இப்போது நிறுவலாம். பெரும்பாலான சிபேனல்களில் சாஃப்டாகுலஸ் என்ற கருவி இருக்கும். அதில் வேர்ட்பிரஸைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் கொடுத்தால் ஒரு படிவம் வரும். அதில் 'இன் டைரக்டரி' என்று ஒரு கட்டம் இருக்கும். இந்த வேலை முழுவதிலும் மிகவும் கவனிக்க வேண்டிய கட்டம் அது. அதில் 'பிளாக்' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். காலியாக விட்டால் வேர்ட்பிரஸ் உங்கள் சைட்டின் தலைவாசலிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய முகப்பும் புதியதும் மோதிக்கொள்ளும். பேக்கப்பை முதலில் எடுக்கச் சொன்னதே இதற்காகத்தான். இன்னொன்று, 'பிளாக்' என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அதே படிவத்தில் புரோட்டோகால் எச்டிடிபிஎஸ் ஆக இருக்கட்டும். நிர்வாகி பெயரை 'அட்மின்' என்று வைக்காதீர்கள், கடைப் பெயரையும் வைக்காதீர்கள். பாஸ்வேர்டை ஊகித்து நுழையப் பார்க்கும் புரோகிராம்கள் முதலில் தட்டுவது இந்தப் பெயர்களைத்தான். பாஸ்வேர்டில் கடை போன் நம்பர் வேண்டவே வேண்டாம்.

நிறுவி முடிந்ததும் இன்காக்னிட்டோ ஜன்னலில் இரண்டு முகவரியையும் திறந்து பாருங்கள். கடைபெயர்.காம் பழையபடி வர வேண்டும், கடைபெயர்.காம்/பிளாக் புதுசாக வர வேண்டும். போனில் மொபைல் டேட்டாவிலும் ஒரு தடவை பாருங்கள்.

இவ்வளவு எதற்கு, மாதம் ஒரு பதிவுதான் எழுதப்போகிறேன் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பிளாக் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, பழைய பக்கம் ஒன்றை நகலெடுத்து, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றி, ஒவ்வொரு பதிவையும் ஒரு எச்டிஎம்எல் ஃபைலாகவே வைக்கலாம். டேட்டாபேஸ் இல்லை, அப்டேட் இல்லை, ஹேக் ஆகும் பயமும் குறைவு, பக்கம் சட்டென்று திறக்கும். எச்டிஎம்எல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இது மோசமான யோசனையே இல்லை. ஆனால் எழுதப்போவது நீங்கள், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது வேறொருவர் என்றால் வேர்ட்பிரஸ்தான் சரி. போனிலிருந்தே எழுதிப் போடலாம், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

## முதல் பதிவுக்கு முன் மாற்ற வேண்டியவை

வேர்ட்பிரஸின் நிர்வாகத் திரையான டேஷ்போர்டுக்குள் போனதும் மாதிரிக்கு இருக்கும் 'ஹலோ வேர்ல்டு' பதிவையும் மாதிரிப் பக்கத்தையும் அழித்துவிடுங்கள். 'ஜெனரல்' பகுதியில் சைட்டின் மொழியைத் தமிழ் ஆக்குங்கள். டேஷ்போர்டை ஆங்கிலத்தில் பார்க்கப் பிடித்தால் உங்கள் புரொஃபைலில் மட்டும் ஆங்கிலம் வைத்துக்கொள்ளலாம். சைட் மொழி தமிழாக இருந்தால் பக்கத்தின் உள்ளே 'இது தமிழ்' என்ற குறிப்பு சேரும். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். நேரம் கொல்கத்தாவுக்கு மாறட்டும்.

'ரீடிங்' பகுதியின் அடியில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் டிக் பெட்டி ஒன்று இருக்கும். சோதனைக் காலத்தில் யாரோ டிக் செய்து மறந்துவிட்டு, பிளாக் கூகுளில் வரவே இல்லை என்று புலம்பும் கதை அடிக்கடி நடப்பது. காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'டிஸ்கஷன்' பகுதியில் பின்னூட்டங்களை மூடிவிடுங்கள். கடை பிளாக்கில் வருவது பெரும்பாலும் குப்பைதான். உண்மையான கேள்வி வாட்ஸ்அப்பில் வந்துவிடும்.

இனி பெர்மாலிங்க், அதாவது ஒவ்வொரு பதிவின் நிரந்தர முகவரி. 'போஸ்ட் நேம்' என்பதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள். ஏற்கெனவே பதிவுகள் இருக்கும் பழைய வேர்ட்பிரஸ் சைட் என்றால் இதைத் தொடாதீர்கள், பழைய இணைப்புகள் உடையக்கூடும்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இங்கே இருக்கிறது. தலைப்பைத் தமிழில் கொடுத்தால் பதிவின் முகவரியையும் வேர்ட்பிரஸ் தமிழிலேயே அமைக்கும். பிரவுசரில் அழகாகத் தெரியும். நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்ட வால் ஒன்று வந்து விழும். காரணம், யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரிக்குள் போகும்போது ஒன்பது எழுத்தாக விரிகிறது. 'கிரைண்டர்' என்ற சொல்லில் க, இகரக் கொம்பு, ர, ஐகாரக் கொம்பு, ண, புள்ளி, ட, ர, புள்ளி என்று ஒன்பது குறிகள். ஆக அந்த ஒரு சொல்லே 81 எழுத்து. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்துதான். 'புதுக் கிரைண்டரில் முதலில் என்ன அரைக்க வேண்டும்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'முதலி' என்ற இடத்திலேயே வெட்டுப்பட்டு நிற்கும்.

அதனால் தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் நீங்களே அடியுங்கள். பதிவு எழுதும் திரையின் வலப்பக்கத்தில் 'ஸ்லக்' அல்லது 'லிங்க்' என்ற இடம் இருக்கும். 'நியூ-கிரைண்டர்-ஃபர்ஸ்ட்-யூஸ்' என்பது போல மூன்று நான்கு சொல், நடுவில் சிறு கோடு, எல்லாம் சிற்றெழுத்து. தேதி, வருஷம் முகவரியில் வேண்டாம். அடுத்த ஆண்டு அதே பதிவைத் திருத்திப் போடும்போது அது உறுத்தும்.

## தோற்றம்: ஒரே கடை என்று தெரிய வேண்டும்

பிளாக்குக்குப் போனவர் வேறு எங்கோ வந்துவிட்டோம் என்று நினைக்கக் கூடாது. அதே லோகோ, அதே நிறம், மேலே அதே மெனு. எளிமையான தீம் எதுவும் போதும். வேர்ட்பிரஸோடு வரும் 'ட்வென்டி ட்வென்டி-ஃபைவ்' போன்றவை இலவசம், இலகுவானவை. பிளாக்கின் மெனுவில் 'முகப்பு', 'பொருட்கள்', 'தொடர்புக்கு' ஆகியவை பழைய சைட்டின் பக்கங்களுக்கே இணைப்பாகப் போக வேண்டும்.

மறுபக்கமும் கதவு திறக்க வேண்டும். பழைய ஐந்து எச்டிஎம்எல் பக்கத்திலும் மெனுவில் பிளாக் இணைப்பைச் சேருங்கள். ஒவ்வொரு ஃபைலிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும், ஒன்றை விட்டுவிடாதீர்கள். மெனுவில் 'பிளாக்' என்று எழுதுவதைவிட 'கேள்வி பதில்' அல்லது 'கிரைண்டர் குறிப்புகள்' என்று எழுதினால் ஜனங்கள் தொடுவார்கள்.

தமிழ் எழுத்துக்குத் தனியாகக் கொஞ்சம் கவனம் வேண்டும். பல தீம்களில் வரும் எழுத்துரு ஆங்கிலத்துக்கு மட்டுமே. தமிழ் வந்தால் போனில் இருக்கும் ஏதோ ஒன்று வந்து நிற்கும், தலைப்புகள் தடித்து அப்பிக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசமானது, எல்லாத் திரையிலும் தெளிவாக இருக்கும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும், 1.6 முதல் 1.8 வரை வைத்தால் மேலே சுழியும் கீழே கொம்பும் இடிக்காது. 'லெட்டர் ஸ்பேசிங்' எங்காவது இருந்தால் பூஜ்யமாக்குங்கள், அது சில பிரவுசரில் தமிழ் எழுத்தைக் கொம்பு வேறு உடல் வேறாகப் பிரித்துக் காட்டக்கூடும்.

இன்னொன்று. பழைய நோட்டீஸ், கேட்டலாக் எல்லாம் அச்சகத்தில் டைப் செய்த ஃபைலாக இருக்கும். அதிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாக வரும். பாமினி, வானவில் போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் அவை. மறுபடி டைப் செய்ய வேண்டியதில்லை. யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

## என்ன எழுதுவது?

மேலே சொன்னதெல்லாம் ஒரு மாலை நேர வேலை. கடை பிளாக்குகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். முதல் பதிவு 'எங்கள் பிளாக்குக்கு வருக', இரண்டாவது பொங்கல் வாழ்த்து, மூன்றாவது தீபாவளி வாழ்த்து. அதோடு சரி. வாழ்த்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். பிளாக்கில் போட வேண்டியது, தெரியாத ஒருவர் ராத்திரி பத்து மணிக்குக் கூகுளில் தேடும் கேள்விக்கான பதில்.

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனிலோ நேரிலோ யார் எதைக் கேட்டாலும், கேட்ட சொல் மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். 'பெல்ட் கத்துது' என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள், 'பட்டையில் ஏற்படும் ஒலி' என்று மாற்றாதீர்கள். தேடுபவரும் அந்தச் சொல்லைத்தான் அடிப்பார். சர்வீஸுக்குப் போகும் பையனையும் கேளுங்கள். கடையில் இருப்பவருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

ஒரு பதிவைக் கட்டிப் பார்ப்போம். தலைப்பு: 'புதுக் கிரைண்டர் வாங்கியதும் முதலில் என்ன அரைக்க வேண்டும்?' முதல் இரண்டு வரியிலேயே பதில் வந்துவிட வேண்டும்: புதுக் கல்லில் கல் துகள் இருக்கும், அதனால் முதலில் அரைக்கும் மாவைச் சாப்பிடக் கூடாது, கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு விவரம். கல்லையும் டிரம்மையும் கழுவி, வெறும் தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் ஓட விடுவது. பிறகு மட்டமான அரிசியை ஊறவைத்துப் போட்டு அரைத்துக் கொட்டுவது. தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்வது. விரலால் டிரம்மின் அடியைத் தடவிப் பார்க்கும்போது நறநறப்பு நின்றதா என்று சோதிப்பது. இந்த விரல் சோதனை மாதிரியான விஷயம்தான் பதிவின் உயிர். தினமும் கல்லைத் தொடும் கைக்குத்தான் அது தெரியும்; எங்கிருந்தோ காப்பி அடித்து நிரப்பிய கட்டுரையில் கிடைக்காது. கடைசியில் 'சுத்தம் செய்த பிறகும் கல் துகள் நிற்கவில்லையா? கல்லை போட்டோ எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று ஒரு வரி. அவ்வளவுதான் விளம்பரம்.

எத்தனை லிட்டர் வாங்குவது என்ற பதிவில் உங்கள் கடைக்கு லாபம் குறைந்த மாடல் பொருத்தமென்றால் அதையே சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை மாவு அரைக்கும் நான்கு பேர் வீட்டுக்கு டேபிள் டாப் 2 லிட்டர் தாராளம். சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் மாடல் எப்போது தேவை, ஹோட்டலுக்கு எது என்றும் எழுதுங்கள். விலையை எழுதத் தயங்குபவர்கள் அதிகம். மாறும் என்றால் 'இந்த மாத விலை' என்று தேதியோடு போடலாம். விலையே இல்லாத பதிவைப் படித்தவர் அடுத்த கடையின் பக்கத்துக்குப் போய்விடுவார்.

எழுத வராது என்பவர்கள் பேசுங்கள். போனின் கீபோர்டில் மைக்கை அழுத்தித் தமிழில் சொன்னால் எழுத்தாகிவிடும். வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பிறகு பிழை திருத்துங்கள். இரண்டு பக்கம் வந்தால்தான் பதிவு என்றில்லை. நான்கு பத்தியில் பதில் முடிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறிமுகத்துக்கு முன் ஐந்தாறு பதிவுகளையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பதிவு இருக்கும் பிளாக் பூட்டிய கடைபோல இருக்கும்.

## படமும் வாட்ஸ்அப் முன்னோட்டமும்

போனில் எடுக்கும் படம் ஒன்றே பல எம்பி வரும். அப்படியே ஏற்றினால் கிராமத்து நெட்வொர்க்கில் பக்கம் திறக்காது. அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேவ் செய்யுங்கள்; வேர்ட்பிரஸ் 2021இல் வந்த 5.8 பதிப்பிலிருந்தே அதை ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போட வேண்டாம். உங்கள் கடை மேஜையில் வைத்து எடுத்த தேய்ந்த பெல்ட்டின் படத்துக்கு இருக்கும் மதிப்பு அதற்கு வராது. தேய்ந்ததையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள். படத்துக்கான 'ஆல்ட் டெக்ஸ்ட்' கட்டத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

நம் ஊரில் இணைப்பு பரவுவது வாட்ஸ்அப்பில். இணைப்பை அனுப்பும்போது கீழே படமும் தலைப்பும் வர வேண்டுமென்றால் பக்கத்துக்குள் 'ஓப்பன் கிராஃப்' குறிப்புகள் இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ் தானாக அவற்றைப் போடாது. யோஸ்ட் போன்ற எஸ்இஓ பிளக்இன் (தேடுபொறிகளுக்காகப் பக்கத்தைச் சீர்படுத்த வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்று அந்த வேலையைச் செய்யும். அதில் ஒன்று மட்டும் போதும், இரண்டு போட்டால் குழப்பம். ஒவ்வொரு பதிவுக்கும் 1200க்கு 630 அளவில் ஒரு 'ஃபீச்சர்டு இமேஜ்' வையுங்கள். அனுப்புவதற்கு முன் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள்.

## கூகுளுக்குச் சொல்வது

உங்கள் சைட் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் 'டொமைன்' வகையில் உங்கள் சைட்டைச் சேருங்கள். டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி வரி சேர்க்கச் சொல்லும். இந்த வகையில் சேர்த்தால் சைட், பிளாக், சப்டொமைன் எல்லாமே ஒரே கணக்கில் தெரியும்.

பிறகு சைட்மேப், அதாவது சைட்டில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல். வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து தானாகவே ஒன்றைத் தயாரிக்கிறது. 'டபிள்யூபி-சைட்மேப் டாட் எக்ஸ்எம்எல்' என்ற பெயரில் பிளாக் ஃபோல்டருக்குள் இருக்கும். எஸ்இஓ பிளக்இன் போட்டிருந்தால் அதன் பெயர் வேறாக இருக்கலாம். பழைய சைட்டின் சைட்மேப்பில் இந்தப் பதிவுகள் சேராது என்பதால் பிளாக்கின் சைட்மேப்பைத் தனியாகச் சமர்ப்பியுங்கள்.

தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் ஃபைல் விஷயத்தில் பலர் சறுக்குவார்கள். தேடுபொறிகள் அந்த ஃபைலை டொமைனின் தலைவாசலில் மட்டுமே தேடும். பிளாக் ஃபோல்டருக்குள் ஒன்றை வைத்துப் பயனில்லை. தலைவாசலில் இருக்கும் ஃபைலைத் திறந்து, பிளாக் தடுக்கப்படவில்லையா என்று பார்த்து, சைட்மேப் முகவரியை அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

## பராமரிப்பு

எச்டிஎம்எல் சைட்டை வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் இருந்தீர்கள். வேர்ட்பிரஸில் அது நடக்காது. பிளக்இன்களுக்குத் தானியங்கி அப்டேட்டை ஆன் செய்யுங்கள். பயன்படுத்தாத தீம்களையும் பிளக்இன்களையும் அழித்துவிடுங்கள், வெறுமனே நிறுத்தி வைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய பிளக்இன்னை எங்கோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று போடாதீர்கள்; சைட்டுக்குள் திருட்டுப் புரோகிராம் வந்து சேருவதற்கு அதுதான் சுலபமான வழி. அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பேக்கப் பிளக்இன் ஒன்றை வைத்து வாரம் ஒரு பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும்படி செய்யுங்கள்.

மாதம் இரண்டு பதிவு போதும். ஆரம்பத்தில் சர்ச் கன்சோலில் பெரிதாக எதுவும் தெரியாது, அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். சில மாதம் போனதும் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியில் எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பதிவு காட்டப்பட்டது என்ற பட்டியல் வர ஆரம்பிக்கும். அதில் நிறையப் பேருக்குக் காட்டப்பட்டும் யாரும் தொடாத பதிவு இருந்தால் தலைப்பை மாற்றிப் பாருங்கள், முகவரியை மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதாத கேள்வி ஒன்று அந்தப் பட்டியலில் இருந்தால், உதாரணமாக 'கிரைண்டர் கல் கொத்துவது எப்படி' என்று இருந்தால், அடுத்த பதிவு அதுதான். போன் மணி அடிக்கும்போது "எங்களைப் பத்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டு, பதிலை அதே கல்லாப் பெட்டி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்; எந்தப் பதிவு ஆள் கூட்டி வருகிறது என்பது அந்த நோட்டிலும் தெரிந்துவிடும்.